விபத்தில்லாத ஐந்நூறு நாட்கள்

கொம்பையாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிய திங்கட்கிழமை, ஆலை வாசலில் இருந்த பலகை 497 என்று காட்டியது. செவ்வாய்க்கிழமை காலை 498 என்று காட்டியது. விரல்களைப் பற்றிப் பலகைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

ஒரகடம் சாலையைப் பார்த்து நிற்கும் பச்சைப் பலகை அது. மேலே 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுத்து. கீழே தகரத்தில் வெட்டிய மூன்று எண்கள், ஆணியில் மாட்டுவது. தினமும் காலை ஆறு மணிக்கு செக்யூரிட்டி சுப்பன் பழைய எண்ணைக் கழற்றிப் புதியதை மாட்டுவார். இரண்டடி பின்னால் போய் நின்று, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஆலையில் ஒரு நாள்கூடப் பழுதாகாமல் ஓடிய ஒரே இயந்திரம் அந்தப் பலகைதான்.

ஆம்புலன்ஸ் கட்டுகிற ஆலை. வெறும் வேனாக உள்ளே வரும் வண்டி, ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன், சைரன் எல்லாம் பொருத்தி ஆம்புலன்ஸாக வெளியே போகும். ஸ்ட்ரெச்சர் ஓடுகிற ரெயிலை வண்டித் தரையில் பூட்டுவது கொம்பையாவின் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், ஐ.டி.ஐ. ஃபிட்டர், இரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். நிரந்தர ஆட்களுக்குச் சாம்பல் சட்டை, முன்கேட். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, பின்கேட். வேலை மட்டும் இருவருக்கும் ஒன்று.

அன்றைக்கு நூறு கிலோ மணல் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, அதை ரெயிலில் நகராமல் பிடிக்கிற லாக்கைச் சோதித்தார்கள். லாக் நழுவியது. மணல் மூட்டையோடு ஸ்ட்ரெச்சர் அவன் கைமேல் வந்து நின்றது. அந்த நேரம் ஆலை வளாகத்தில் முப்பத்தெட்டு ஆம்புலன்ஸ்கள் நின்றுகொண்டிருந்தன. கொம்பையா, கேன்டீனுக்குக் கத்தரிக்காய் இறக்கிவிட்டுத் திரும்பிய டெம்போவில், பின்கேட் வழியாகப் போனான்.

படப்பையில் ஒரு கிளினிக். கூட வந்த கான்ட்ராக்டரின் ஆள், "பைக்லேர்ந்து வுழுந்துட்டாப்ல டாக்டர்" என்றான். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். கொம்பையாவுக்கு பைக் கிடையாது. ஓட்டவும் தெரியாது. படப்பையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றே இரண்டு வருஷத்தைத் தீர்த்தவன் அவன்.

இதற்கு முன்பு, ஆலையின் முதலுதவி அறையில், நர்ஸ் லூர்தம்மாள் விபத்துப் பதிவேட்டைத் திறக்கத்தான் செய்தார். பேனா மூடியைக் கழற்றியபோது ஹெச்.ஆர். மேலாளர் இனியவன் வந்து, அந்த மூடியைத் தன் கையாலேயே திருப்பி மாட்டினார்.

"மூணு நாள் சிஸ்டர். மூணே மூணு நாள். அப்புறம் எழுதிக்கலாம்."

"விரல் தாங்குமா சார்?"

"நீங்க விரலப் பாக்கறீங்க. நான் கம்பெனியப் பாக்கறேன்."

பதிவேட்டில் எழுதினால், வேலையில் பட்ட காயம் என்று ஆகும். அப்படி ஆனால்தான் இ.எஸ்.ஐ.யில் அவன் கைக்கு உண்டான உதவி கிடைக்கும். அதே நேரம், எழுதினால் பலகை சைபருக்குப் போகும். வியாழக்கிழமை ஐந்நூறாவது நாள். வியாழக்கிழமைதான் ஆப்பிரிக்காவிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள்.

விஷயம் இது. ஜாம்பியாவும் மலாவியும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். எல்லையோரத்து ஊர்களில் பிரசவ வலியில் துடிக்கிற ஒருத்திக்கு, கண்ணுக்கெதிரே தெரிகிற ஆஸ்பத்திரி அடுத்த நாட்டில் இருக்கும். சொந்த நாட்டு ஆஸ்பத்திரிக்கு அரை நாள் போக வேண்டும். ஆகவே இரு நாடும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்துகொண்டன. எல்லையில் நிற்காமல் போகிற ஆம்புலன்ஸ் விடுவது, நோயாளியிடம் எந்தக் காகிதமும் கேட்பதில்லை, எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே சேர்ப்பது. பேசி முடிக்க ஒன்பது வருஷமானது. அதில் இரண்டு வருஷம், வண்டியின் இடப்பக்கம் எந்த நாட்டுச் சின்னம் வருவது என்பதற்கே போனது. பெரிய மனிதர்கள் பேசினால் அப்படித்தான். இருந்தாலும், முடித்துவிட்டார்கள். அந்த முப்பத்தெட்டு வண்டிகளும் அவர்களுக்குத்தான்.

புதன்கிழமை காலை, படப்பையில் கொம்பையாவோடு சேர்த்து ஆறு பேர் இருக்கிற வாடகை அறைக்கு சூப்பர்வைசர் ஆறுமுகநயினார் வந்தார். அவரும் தெற்கத்திக்காரர். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். அவர் வாழைப்பழம் கொண்டுவந்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

"ஏ கொம்பையா, கை எப்படில இருக்கு?"

"தெறிக்கு அண்ணாச்சி. வாடை வேற அடிக்கு."

"அது மருந்து வாடைல. நாளைக்கு ஆப்பிரிக்காக்காரவ வாராவல்லா, ஓடுற வண்டில நோயாளி மாதிரி படுத்துக் காட்ட ஒரு ஆள் வேணுமாம். பொம்மை ஒண்ணு சொல்லிருந்தாவ, வரல. நெசமாவே கட்டுப்போட்ட ஆளு ஒருத்தன் சும்மாதான கெடக்கான்னு நான்தான் உன் பேரச் சொன்னேன்."

"நல்லாச் சொன்னிய."

"கோவப்படாதல. படுத்து எந்திரிக்கணும், அம்புட்டுதான். அவிய போனதும் ரிப்போர்ட் எழுதிக் குடுத்துருதேன்னு இனியவன் சாரே சொல்லிட்டாரு."

"வேலையில பட்ட காயம்னு போடுவாவளா?"

"போடுவாவ, போடுவாவ."

ஒரு முறை சொல்லியிருந்தால் கொம்பையா நம்பியிருப்பான். இரண்டு முறை சொன்னதால் சந்தேகம் வந்தது. ஆனாலும் சரி என்றான். அறையில் கிடந்தால் அந்தக் கையை யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே போனால் நாலு பேராவது பார்ப்பார்கள்.

வியாழக்கிழமை அவனுக்கு ஒரு சாம்பல் சட்டை கொடுத்தார்கள். நீலச் சட்டை நோயாளி வெளிநாட்டார் முன்னால் நன்றாக இருக்காதாம். சாம்பல் சட்டைக்காரர்களோடு ஸ்டாஃப் பஸ்ஸில் உட்கார வைத்து முன்கேட் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். கார்டு தேய்க்க வேண்டாம், நேராகப் பந்தலுக்குப் போ என்றார் ஆறுமுகநயினார். இரண்டு வருஷத்தில் முன்கேட் வழியாக அவன் நுழைந்தது அன்றுதான். பலகை 500 என்று பளபளத்தது. எண்களுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஜாம்பியாவிலிருந்து ஓர் அம்மாள், திருமதி சகாலா. மலாவியிலிருந்து ஒரு பெரியவர், திரு. சகாலா. உறவொன்றும் இல்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் அந்தக் குடும்பப் பெயர் நிறைய உண்டு. இனியவனின் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருக்கிறதென்று ஒன்றை அது நீக்கிவிட, கேட்டில் ஒரு பாஸ்தான் இருந்தது.

"லிஸ்ட்ல ஒரு சகாலாதான் சார் கீது" என்று சுப்பன் பெரியவரைப் பதினொரு நிமிஷம் வெயிலில் நிறுத்திவைத்தார். அந்த மனிதர் முன்னாள் தூதர். சிரித்துக்கொண்டே நின்றார். இனியவன் தலைதெறிக்க ஓடிவந்து, காகிதத்தில் ஒரு சகாலாவைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட் திறந்தது.

உள்ளே, இரு நாட்டுக்கும் மரியாதையில் ஏற்றத்தாழ்வு வந்துவிடக் கூடாதென்று பந்தலின் இரண்டு மூலைகளில் இரண்டு சோபா போட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே உயரம். இனியவன் டேப் வைத்து அளந்திருந்தார். சகாலாக்கள் இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் பாஷையில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். சோபாக்கள் கடைசிவரை காலியாகவே கிடந்தன.

'500' என்று கிரீமில் எழுதிய கேக்கை வெட்டினார்கள். "நாங்கள் கட்டுவது வண்டியல்ல, மனிதநேயம்" என்றார் நிர்வாக இயக்குநர். முதலுதவி அறையின் வாசலில் நின்ற லூர்தம்மாள், ஸ்ட்ரெச்சரில் தயாராகக் கிடந்த கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா கேக்கைப் பார்த்தான். பிறகு பெரியவர் சகாலா முப்பத்தைந்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் அந்த அம்மாள் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்காதவர்போல் இன்னொரு பத்து நிமிஷம் பேசினார். ஆனால் பேச்சில் ஒரு வரி கொம்பையாவுக்கே புரிந்தது.

"முதலில் நோயாளி. பிறகு காகிதம். இந்த ஒரு வரியை எழுத எங்களுக்கு ஒன்பது வருஷமாயிற்று."

பலத்த கைதட்டல். அதிகமாகத் தட்டியவர் இனியவன்.

அடுத்து, செய்துகாட்டல். டெஸ்ட் டிராக்கில் குறுக்கே ஒரு மூங்கில் கழி. அந்தப் பக்கம் ஒரு நாட்டுக் கொடி, இந்தப் பக்கம் ஒரு நாட்டுக் கொடி. அதுதான் எல்லை. கொம்பையாவை ஏற்றிக்கொண்டு, லூர்தம்மாள், இனியவன், சகாலாக்கள் இருவர் எல்லோரும் உள்ளே இருக்க, சைரனோடு ஆம்புலன்ஸ் கிளம்பியது. கழி உயர்ந்தது. வண்டி நிற்காமல் ஜாம்பியாவைக் கடந்து மலாவிக்குள் போனது. கேமராக்கள் மின்னின.

அந்த அம்மாள் மட்டும் வெளியே பார்க்கவில்லை. அதிகாரியாவதற்கு முன்னால் எல்லையோர ஊர் ஒன்றில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள். உடன்பாடுகளுக்கெல்லாம் மூத்தது அவள் மூக்கு. சட்டென்று குனிந்து கொம்பையாவின் கட்டை முகர்ந்தாள். கட்டை அவிழ்க்கட்டுமா என்று சைகையால் கேட்டாள். கொம்பையா தலையாட்டினான்.

"மேடம், மேடம், அது வெறும் செட்டப்..." என்றார் இனியவன்.

செட்டப் மோதிர விரலில் கறுத்திருந்தது. சுண்டுவிரலில் சீழ் வைத்திருந்தது.

எப்போது, எப்படி என்று அவள் கேட்டாள்.

"பைக் ஆக்ஸிடென்ட் மேடம். வெளியில. பர்சனல்."

அந்த இங்கிலீஷ் கொம்பையாவுக்குப் போதும். நல்ல கையை நீட்டி, தனக்குக் கீழேயிருந்த ரெயிலைக் காட்டினான். "நோ பைக். திஸ். திஸ் லாக். மண்டே."

"வலியில என்னவோ பேசறான் மேடம்."

பெரியவர் முழங்காலிட்டு லாக்கைப் போட்டார். மாட்டிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். 'டக்'கென்று லாக் விட்டது. கொம்பையாவோடு ஸ்ட்ரெச்சர் ஒரு சாண் நகர்ந்தது. அந்த லாக் முப்பத்தெட்டு வண்டியிலும் இருந்தது.

"சிஸ்டர், பைக்கா ரெயிலா?" என்று அந்த அம்மாள் லூர்தம்மாளிடம் கேட்டாள்.

லூர்தம்மாள் இனியவனைப் பார்க்கவில்லை. "ரெயில்" என்றார்.

"ஆஸ்பத்திரி. இப்போதே" என்றாள் அந்த அம்மாள்.

டிரைவருக்கு அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. வண்டி டிராக்கை விட்டு விலகி, அலறிக்கொண்டு முன்கேட்டுக்குப் பறந்தது. பந்தலில் இருந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

கேட்டில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. சுப்பன் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"சார், அவுட் பாஸ்?"

"யோவ், எமர்ஜென்சிய்யா! கம்பத்தத் தூக்கு!"

"தூக்கறேன் சார். நீங்க ஸ்டாஃப், உங்களுக்கு வேணாம். இவுங்கோ கெஸ்ட்டு, வேணாம். இந்தப் பையன் சட்டைதான் சாம்பலு, ஆளு நீலம். எனக்குத் தெரியாதா? கான்ட்ராக்ட் ஆளு ஷிப்ட் நடுவுல வெளிய போவணும்னா சீட்டு வேணும்."

இனியவன் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. சுப்பன் அதற்குள் வருகைப் பதிவைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"சார், இவன் செவ்வாக்கெழமலேர்ந்து லீவுன்னு கீது. இன்னைக்கும் லீவு."

"அதனால?"

"உள்ளயே வராத ஆள எப்டி சார் வெளிய வுடறது?"

லூர்தம்மாள் இதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பெரியவருக்குத் தங்கள் பாஷையில் அவளே ஒரு தடவை சொன்னாள்.

"எங்கள் எல்லையில் ஒரு காவலர் இருக்கிறார்" என்றார் பெரியவர். "ஆடு தாண்டினால்கூட யார் ஆடு என்று எழுதி வைப்பார். அவருக்கே இந்தக் கேள்வி தோன்றியதில்லை."

சைரன் அலறிக்கொண்டே இருந்தது. நிறுத்துவதா வேண்டாமா என்று டிரைவருக்குத் தெரியவில்லை. ஆறுமுகநயினார் மூச்சிரைக்க ஓடிவந்தார். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் கேமராவோடு அவர் பின்னால் வந்தார்கள்.

"சரி, சீட்டுப் போடுய்யா. காரணம், சொந்த வேலைன்னு எழுது" என்றார் இனியவன்.

சுப்பன் எழுதினார். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று தாள், நடுவே கார்பன். கொம்பையாவிடம் நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போடு நைனா."

கொம்பையா வாங்கிப் படித்தான். திருப்பிக் கொடுத்தான்.

"போட மாட்டேன்."

"ஏலே, கையெழுத்தப் போடுல! விரல் போயிரும்ல!" என்று ஆறுமுகநயினார் கத்தினார்.

"மூணு நாளா போய்க்கிட்டுத்தான் அண்ணாச்சி இருக்கு. இப்பந்தான் உங்களுக்கு அவசரமாக்கும்?"

"உன் நல்லதுக்குத்தாம்ல சொல்லுதேன்."

"கத்தரிக்கா வண்டில ஏத்துனப்பயும் இதத்தான் சொன்னிய. சொந்த வேலையாம்லா. இந்த லாக்க எங்க வீட்டுக்கா மாட்டுனேன்? வேலையில கை நசுங்குச்சுன்னு எழுதச் சொல்லுங்க, போடுதேன். இல்ல, இங்கனயே கெடக்கேன். அழுகட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

உடம்பு கொதித்தது. காய்ச்சலா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. விரல் வேண்டும்தான். ஆனால் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டால், ஆண்டவனே வந்து சொன்னாலும் அது பைக் காயம்தான்.

"சுப்பன், நீ எழுதினபடியே இருக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன், வுடு" என்றார் இனியவன்.

சுப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு தன் அறைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்த சுற்றறிக்கையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "'உள்ளே வரும், வெளியே செல்லும் காரணத்தைத் தொழிலாளி சொல்கிறபடியே எழுத வேண்டும். மீறினால் காவலர் மீது நடவடிக்கை.' நீங்க போட்டதுதான் சார். கீழ உங்க கையெழுத்துதான்."

பின்னால் யாரும் கம்பெனியைக் குறை சொல்லக் கூடாது என்று போன வருஷம் இனியவன் யோசித்து யோசித்து எழுதிய வரி அது.

சுப்பன் அந்தச் சீட்டில் குறுக்கே கோடு போட்டார். புதிய சீட்டு எடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பேரு, கொம்பையா. கான்ட்ராக்ட். காரணம், திங்கக்கெழம வேலை செய்யும்போது ஸ்ட்ரெச்சர் ரெயில்ல கை நசுங்கினது. சர்யா நைனா?"

"சரிண்ணே."

கொம்பையா இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான். அடுத்து மேலாளர் கையெழுத்து. இனியவன் பேனாவைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போட்டார். சாட்சி என்ற இடத்தில் பெரியவரும் அந்த அம்மாளும் போட்டார்கள். இடப்பக்கம் எந்த நாடு, வலப்பக்கம் எந்த நாடு என்ற பேச்சே இந்த முறை எழவில்லை.

ரோஸ் தாளைக் கிழித்து சுப்பன் கொம்பையாவின் சட்டைப்பையில் செருகினார். கம்பம் உயர்ந்தது. வண்டி நெடுஞ்சாலையில் திரும்பியபோது பின்கண்ணாடி வழியாகக் கொம்பையா பார்த்தான். சுப்பன் ஸ்டூல் போட்டு ஏறி, மாலையை ஒதுக்கிவிட்டு, பலகையிலிருந்து ஐந்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். விபத்துச் சீட்டு எழுதினால் பலகையை மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு சுற்றறிக்கை இருந்தது.

மோதிர விரலை எடுத்துவிட்டார்கள். "திங்கட்கிழமையே வந்திருந்தால்" என்று டாக்டர் ஆரம்பித்தார். லூர்தம்மாள் கையமர்த்தினார். சுண்டுவிரல் பிழைத்தது. ரோஸ் தாளை இ.எஸ்.ஐ.யில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகள் சாட்சி போட்ட அவுட் பாஸ் அங்கே யாரும் பார்த்ததில்லை. லாக் முழுவதையும் மாற்றும்வரை வண்டிகள் வேண்டாம் என்று சகாலாக்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கொம்பையாவின் கான்ட்ராக்டை மாதக் கடைசியில் புதுப்பிக்கவில்லை. ஆள் குறைப்பு என்றார்கள். குறைந்தது அவன் ஒருவன்தான்.

ஒரு மாதம் கழித்து, வேலை பார்த்ததற்கான சான்றிதழை வாங்க ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். பலகைக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். 531 என்றிருந்தது. கொம்பையா கிட்டப்போய்ப் பார்த்தான். 'விபத்தில்லாத நாட்கள்' என்பதற்கு அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி: 'நிரந்தரப் பணியாளர்கள் மட்டும்.'

"நான்தான் நைனா மாட்றேன்" என்றார் சுப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரூல்ஸ மாத்திட்டாங்கோ. நான் இன்னா பண்றது?"

"உள்ள போவணும்ணே."

"சீட்டுப் போடணும்." கார்பனைச் சரியாக வைத்துக்கொண்டார். "பேரு தெரியும். காரணம் இன்னான்னு போடறது?"

கொம்பையா 531-ஐ ஒரு தடவை பார்த்தான். கையைத் தூக்கி அந்த எண்ணுக்கு நேராகப் பிடித்தான். நாலு விரல் இருந்தது.

"என் விரலு ஒண்ணு உள்ள இருக்கு, கேட்டு வாங்க வந்திருக்கேன்னு போடுங்க."

சுப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் இருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு எழுத்து விடாமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, மூன்று தாளிலும் பதிகிற மாதிரி அழுத்தி எழுதினார்.